விதைக்குத் தந்தையும் உண்டு: விதை எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல தக்காளி ஒன்று கிடைத்தால் அதன் விதையை எடுத்து வைக்கத் தோன்றும். எடுத்து வையுங்கள். ஆனால் அதே தக்காளி திரும்பி வரும் என்று முன்கூட்டியே நம்பிவிட வேண்டாம். பதியனும் ஒட்டும்தான் தாய்ச்செடியை அப்படியே தரும். விதையோ மகரந்தமும் சூலும் சேர்ந்து பிறந்த பிள்ளை.

இதை மறப்பதால்தான் ஹைப்ரிட் ரகத்தில் விதை எடுத்து ஏமாறுகிறோம். பாக்கெட்டில் எஃப்1 என்று இருந்தால், தலைமுறைதோறும் குணம் மாறாத இரண்டு தனித்தனி தூய வரிசைகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை என்று பொருள். அந்தத் தலைமுறை ஒரே சீராக இருக்கும். அதன் விதையை விதைத்தால் குணங்கள் பிரிந்துவிடும்: ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் காயே தாமதம். விதைக்காக வளர்ப்பதென்றால் ஹைப்ரிட் அல்லாத ரகமே வேண்டும்.

சரி, ரகம் சரியானது. பக்கத்தில் என்ன வளர்கிறது? பூசணி வகைகளில் மகரந்தத்தைத் தேனீக்கள்தான் சுமக்கின்றன. ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள் அருகருகே இருந்தால் கலந்துவிடும். இந்த ஆண்டுக் காயில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் சதை முழுக்கத் தாயுடையது. அடுத்த ஆண்டுதான் தெரியும். சுக்கினி என்னும் பூசணி வகை, அலங்காரப் பூசணியோடு கலந்தால், அந்த விதையில் வரும் காய் கடும் கசப்பாகவும் நஞ்சாகவும் இருக்கலாம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசந்தால் துப்பிவிடுங்கள். மக்காச்சோளம் மட்டும் வேறு மாதிரி: நாம் தின்னும் மணியே விதை என்பதால், தந்தையின் குணம் அந்த ஆண்டே தெரிந்துவிடும். இனிப்புச் சோளம் இனிப்பு குறைந்து போவது இப்படித்தான்.

பூசணி வகைகள் கலந்துவிடாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு. மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் பிரித்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி அடையாளம் வையுங்கள். பீன்ஸ், பட்டாணி, தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும். அவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, சமையலுக்கு நல்லதையெல்லாம் பறித்துவிட்டு மிஞ்சிய சோனிச் செடியில் விதை எடுப்பது. தலைமுறைக்குத் தலைமுறை பயிர் இதனால்தான் நலிகிறது. முதலில் பூத்துவிட்ட லெட்டூஸ் கீரையில் எடுத்தாலும் அப்படியே, சீக்கிரம் பூக்கும் குணம்தான் பெருகும். சிறந்த செடியை முதலிலேயே குறித்துவிட்டு, காயை முற்ற விடுங்கள். வெள்ளரி மஞ்சளாக வேண்டும், வெண்டை செடியிலேயே காய வேண்டும். சமையல் பருவத்துக் காயில் விதை பிஞ்சாகத்தான் இருக்கும்.

அப்புறம் காய வைப்பது. தக்காளி விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு முளைப்பைத் தடுக்கும். இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி, நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த விதை பூஞ்சை பிடிக்கும். மா, பலா இதற்கு நேர்மாறு: காய்ந்தால் செத்துவிடும், எடுத்த கையோடு நட வேண்டும்.

ஆழம், விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு போதும். சொதசொதவென்று நீர் விட்டால் காற்றில்லாமல் விதை அழுகும்.

பழைய விதையென்றால் 10 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். வெங்காய விதை ஓரிரு ஆண்டிலேயே முளைப்புத் திறனை இழக்கும். பத்தில் நாலு மட்டும் முளைத்தால் இரண்டரை மடங்கு விதையுங்கள். ஒன்றுமே முளைக்காவிட்டால் புது விதை வாங்குங்கள்.