தோட்டப் பாதைக்குப் பிரதேச சபையிடம் கேட்பது எப்படி?

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாதர் சங்கச் செயலாளர் நான். "அது கம்பனிக் காணி" என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் பயப்படாதீர்கள். தோட்டங்களுக்குச் செலவழிக்கத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்திவிட்டார்கள். அதைச் சொல்லுங்கள்.

கூட்டம் வைக்கும் நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) பிள்ளையைத் தூக்கி வந்த பிறகு, மாலையில் வையுங்கள். பகலில் வைத்தால் தலைவர்மார்தான் வருவார்கள். மழையில் வழுக்கும் படியில் கர்ப்பிணியை எப்படி இறக்குகிறோம் என்று சொல்ல ஆளிருக்காது. பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். எந்த லயத்திலிருந்து (வரிசை வீடுகள்) எந்தச் சந்தி வரை பாதை வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

இதை வைத்துச் சபைக்கு எழுதும் கடிதம் தமிழிலேயே போகலாம், அது நம் உரிமை. துரைக்கும் (தோட்ட முகாமையாளர்) கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி கொடுங்கள். வருஷக் கடைசியில் பாதீடு நிறைவேறும் முன்பே சபை உறுப்பினரிடம் சேர்த்துவிடுங்கள்.

பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.