அம்மாவும் இறந்த பிறகு அப்பாவின் பி.எஃப். பென்ஷன்: என்ன செய்ய வேண்டும்?

ஆலையில் வேலை பார்த்த அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. இப்போது அம்மாவும் இல்லை. அந்தப் பணம் இனி யாருக்கு? எங்கள் தெருவில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் என்பதால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இந்தக் கேள்வியோடு யாராவது வாசலுக்கு வந்துவிடுவார்கள். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள இ.பி.எஸ்., அதாவது பி.எஃப். தொழிலாளர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்துக்கு மட்டுமே இந்தக் குறிப்பு. அரசு ஊழியர் குடும்பங்களுக்கு விதிகள் வேறு.

படி 1: ஏ.டி.எம். அட்டையைத் தொடாதீர்கள்

அம்மா இறந்த நாளோடு விதவை பென்ஷன் முடிந்துவிடுகிறது. ஆனால் உயிரோடு இருப்பதாக அவர் கடைசியாகக் கொடுத்த ஆயுள் சான்று ஓராண்டுக்குச் செல்லும். நாம் சொல்லாதவரை பணம் வந்துகொண்டே இருக்கலாம். "அம்மா பணம்தானே" என்று எடுத்துச் செலவழித்த ஒரு மகன், பிறகு கடன் வாங்கித் திருப்பிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். வங்கிக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் உடனே எழுதிக் கொடுங்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. சான்றிதழில் உள்ள பெயரும் பென்ஷன் தாளில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஓர் இனிஷியல் மாறினாலும் நடை கூடும்.

படி 2: பி.பி.ஓ.வைத் தேடுங்கள்

பென்ஷன் வழங்கும் ஆணைதான் பி.பி.ஓ. பெரும்பாலும் ரேஷன் அட்டையோடு மடித்து வைத்திருப்பார்கள். அதில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

படி 3: பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுங்கள்

எல்லாம் இந்த வயதில்தான் இருக்கிறது. 25 வயது நிறையாத பிள்ளை இருந்தால், தாயும் தந்தையும் இல்லாதவர் என்ற முறையில் அவருக்கு அனாதை பென்ஷன் உண்டு. சொல் காதுக்குக் கசக்கும். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. தொகை, விதவை பென்ஷனில் 75 சதவீதம். குறைந்தது 750 ரூபாய். ஒரே சமயத்தில் இருவருக்குத்தான் கிடைக்கும். மூத்தவருக்கு 25 முடிந்ததும் அடுத்தவருக்கு மாறும்.

அம்மாவுக்கு 4,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் இருந்தபோது இரண்டு பிள்ளைகளுக்கும் 25 சதவீத வீதம் தலா 1,000. வீட்டுக்கு மொத்தம் 6,000. அவர் இறந்த பின் பிள்ளைகளுக்குத் தலா 3,000. ஆக, மொத்தம் அதே 6,000. ஒரே பிள்ளை என்றால் 5,000 வந்த வீட்டுக்கு 3,000தான் வரும்.

நிரந்தரமாக, முழுமையாக உடல் இயலாத மகனோ மகளோ இருந்தால் வயது வரம்பே கிடையாது. மேலே சொன்ன இருவர் கணக்கிலும் அவர் சேரமாட்டார். இதற்கு மருத்துவச் சான்று தேவை. நாற்பது வயதுப் பிள்ளைக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கட்டாயம் கேளுங்கள்.

படி 4: 10-டி படிவம்

பென்ஷன் கேட்டு பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பம் இதுதான். விண்ணப்பிப்பவர் யார் என்று கேட்கும் இடத்தில், 18 வயது ஆனவர் தன்னைக் குறிப்பிடலாம். ஆகாதவருக்குக் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். அப்பா, அம்மா இருவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் வயதுச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

படி 5: எல்லோருக்கும் 25 தாண்டிவிட்டதா?

அப்படியானால் பென்ஷன் அத்தோடு நின்றுவிடும். மருமகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ போகாது. ஆனால் கோப்பை மூடுவதற்கு முன் பி.பி.ஓ.வை இன்னொரு முறை பாருங்கள். 2008 செப்டம்பருக்கு முன் ஓய்வு பெற்றவர்களில் சிலர், பென்ஷனைக் குறைத்துக்கொண்டு மூலதனத்தைத் திரும்பப் பெறும் வழியைத் தேர்ந்திருப்பார்கள். அதில் ஒரு வகைப்படி, மனைவியும் இறந்த பின் குறைப்பதற்கு முன் இருந்த அசல் மாத பென்ஷனைப்போல் 90 மடங்கு நியமனதாரருக்கு (நாமினிக்கு) சேரும். அசல் 800 ரூபாய் என்றால் 72,000 ரூபாய். இதற்குப் பிள்ளையின் வயது தடையில்லை. நியமனத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கேட்கலாம்.