உள்ளூர் மொழி பழக ஒரு பேச்சுத் துணை

வெளிநாட்டில் படிக்கப் போனவர்கள் வகுப்பில் மொழியைக் கற்றும் ஊராரோடு பேசத் தயங்குவதற்குப் பெரிய காரணம், பழகிப் பார்க்க ஆள் இல்லாததுதான். பல பல்கலைக்கழகங்களின் மொழி மையத்தில் 'டேண்டம்' என்றொரு ஏற்பாடு உண்டு. உங்கள் மொழியைக் கற்க விரும்பும் உள்ளூர் மாணவரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். செமஸ்டர் தொடங்கியதுமே பெயர் கொடுத்துவிடுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம், கிழமையும் இடமும் மாறாமல். முதல் 30 நிமிடம் அவர் மொழி, அடுத்த 30 உங்கள் மொழி. மொபைலில் டைமர் கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் பேச்சு மெல்ல ஆங்கிலத்துக்கு நழுவி, அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிட்டால் பேச வாயே வராது. அவர் குறித்துவைத்துக்கொண்டு, கடைசியில் முக்கியமான மூன்றை மட்டும் சொல்லட்டும்.

அந்த வாரத் தேவையையே பேச்சுக்கு எடுங்கள். குழாய் ஒழுகுவதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா? அதை உங்கள் பேச்சுத் துணை எப்படிச் சொல்வார் என்று கேட்டு, அனுமதியோடு அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். பாடப்புத்தக நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள தூரம் அப்போதுதான் காதில் விழும்.

கடையில் நீங்கள் தடுமாறியதும் எதிரிலிருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினால், "பழகிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்பதை அவர் மொழியிலேயே சொல்ல மனப்பாடமாக வைத்திருங்கள். பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.