பழைய ஜக்பொட் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முகத்தை மட்டும் பார்த்து வருஷம் சொல்லாதீர்கள்

போன மாதம் தெரிந்த அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கராஜில் பழைய ஸ்லொட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின்) ஒன்று விலைக்கு இருக்கிறதாம், வந்து பார்த்துச் சொல்லு என்றார். முன்பக்கத்தில் இறக்கை விரித்த கழுகு. போனில் தேடிவிட்டு, "தம்பி, இது 1931 மில்ஸ் வோர் ஈகிள், சந்தேகமே இல்லை" என்று அவரே முடிவு கட்டியிருந்தார். கழுகு மாதிரி 1931 தான், அதில் சண்டையில்லை. ஆனால் முன்பக்கம் என்பது இந்த மெஷின்களுக்குச் சட்டை மாதிரி. சிக்காகோவின் மில்ஸ் நொவெல்டி கம்பனி உள்ளே இருக்கும் பொறியைப் பெரிதாக மாற்றாமல் முகத்தை மட்டும் மாற்றி மாற்றி விற்றது, வாங்கியவர்களும் பழைய மெஷினுக்குப் புது முகம் போட்டு ஓட்டினார்கள். அதனால் முகமும் உள்பொறியும் வேறு வேறு வருஷமாக இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே 1890களில் செய்த லிபர்ட்டி பெல், அதைப் பார்த்து மில்ஸ் செய்தவை எல்லாம் வார்ப்பிரும்புப் பெட்டிகள், காந்தம் ஒட்டும். பிறகு வந்தவை ஓக் மரப் பெட்டி, முன்னால் அலுமினிய வார்ப்பு. அதில் ஒட்டாது.

அப்புறம் தலையைப் பாருங்கள். கடைசியாகப் போட்ட காசு வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த குழாயின் கண்ணாடியில் தெரிந்தால் கூஸ்நெக், பெரும்பாலும் 1920கள். காசுகள் வரிசையாக நகர்ந்து தெரிந்தால் எஸ்கலேட்டர், 1930களின் சங்கதி. ஒரு வட்டத்தில் சுற்றி வந்தால் வொட்லிங் கம்பனியின் ரோல்-எ-டொப், 1935. நடுவில் காசு குவிந்து தெரியும் ஜக்பொட் கண்ணாடி 1920களின் கடைசியில்தான் வந்தது, ஆனால் அதையும் பழைய பெட்டிகளில் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். முகத்தில் நிமிர்ந்த நீளக் கண்ணாடிகளில் மிண்ட் பொட்டலம் அடுக்க இடம் இருந்தால் அது "சூது இல்லை, இனிப்பு விற்கிறோம்" என்று சட்டத்துக்குக் காட்டுவதற்காகச் செய்த வகை. எனக்கு மிகவும் பிடித்த வகையும் அதுதான்.

காசுத் துளையையும் அளந்துவிடுங்கள். அமெரிக்க நிக்கல் 21.2 மில்லிமீற்றர், பிரித்தானிய சிக்ஸ்பென்ஸ் 19.4, இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். பழைய பிரித்தானியப் பென்னி 30.8, அமெரிக்க அரை டொலர் 30.6. இந்த இரண்டில் எது என்று துளையை வைத்துச் சொல்ல முடியாது.

உண்மையான தலைவலி மறுவார்ப்பு, அதாவது அசல் முகத்தை நகலெடுத்துப் பிறகு வார்த்தது. அசலையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால் அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 வீதம் சுருங்கும். முப்பது சென்ரிமீற்றருக்கு நாலு மில்லிமீற்றர் குறையும். ஸ்குரூ துளைகளுக்கு நடுவே அளக்காதீர்கள், துளை எங்கேயும் போடலாம். வார்ப்பிலேயே இருக்கும் இரண்டு புள்ளிகளை, உதாரணமாகக் கழுகின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மற்ற நுனிவரை அளந்து, அசல் வைத்திருப்பவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் அசல் என்று அர்த்தமில்லை, சுருக்கத்தைக் கணக்கு வைத்துப் புது அச்சு செய்பவர்களும் உண்டு. இறகுக் கோடுகளை விரலால் தடவுங்கள்: அசலில் கோடு கூர்மையாக இருக்கும், கைபட்டுத் தேயும் மேடுகளில் மட்டும் மழுங்கியிருக்கும். மறுவார்ப்பில் யாரும் கைவைக்காத மூலைகூட மழுங்கல்தான்.

கராஜில் அதுதான் நடந்தது. கழுகின் கழுத்து மடிப்பு சவர்க்காரத்தில் செதுக்கியது மாதிரி வழவழவென்று. தலையில் சிலுவைப் பள்ளம் உள்ள ஸ்டார் ஸ்குரூ வேறு, அந்த வகை 1930களின் நடுவுக்குப் பிறகுதான் பரவியது. ஆனால் மரத்தைத் திருப்பி டோர்ச் அடித்தால், ஆணிகளைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை. ஓக் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து வருஷக்கணக்கில் ஊறும் கறை அது. கொழும்புக் கடல் காற்றில் அதற்குக் குறைவா! மேலே கூஸ்நெக், அடியில் கவுண்டரில் பூட்டிய போல்ட் துளைகள் தேய்ந்து அகன்றிருந்தன.

ஆக, பெட்டி பழையது, கழுகுதான் புதியது. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கழுகுக்குச் சொன்ன விலையைக் கழித்துவிட்டுப் பெட்டிக்கும் பொறிக்கும் மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டார். விற்பவர் இன்னும் யோசிக்கிறார்.