குந்திப்போன அம்பாசிடரின் பின்பக்கத்தை நிமிர்த்தும் முறை

டி.என். 74, 75 எண்களோடு குமரி மாவட்டத்தில் இன்னும் ஓடுகிற அம்பாசிடர்களைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பல வண்டிகள் பின்னால் குந்தியிருக்கும். டாக்சியாக ஓடிய காலத்தில் ஆறு பேர் சவாரி, டிக்கி நிறைய ரப்பர் ஷீட் கட்டும் மரச்சீனி மூட்டையும், அதன்மேல் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மேடுபள்ளம் என்று சுமந்து சுமந்து பின் ஆக்சிலின் மேல் வண்டியைத் தாங்கும் வில்போன்ற எஃகுப் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) வளைவை இழந்திருக்கும். இதைச் சரிசெய்ய எளிய வழி என்று பலரும் நீளமான ஷேக்கிளையோ (பட்டையின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) கூடுதல் பட்டையையோ போட்டுவிடுகிறார்கள். இரண்டும் உயரத்தைக் கொடுக்கும், ஆனால் வண்டியின் நடத்தையைக் கெடுக்கும். இழந்த வளைவைத் திருப்பிக் கொடுப்பதுதான் சரியான வேலை.

முதலில் அளவு. சமதளம் இல்லாமல் அளந்தால் எல்லாமே பொய். மழைத்தண்ணீர் வடிய நம் வீட்டு முற்றங்களுக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். அதனால் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து நாலு சக்கரம் நிற்கும் இடமும் ஒரே மட்டமா என்று பாருங்கள். டயர் காற்று இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், டிக்கி காலியாகவும் பெட்ரோல் டாங்க் பாதியாகவும் இருக்கட்டும். வண்டியைப் பின்பக்கமாக நாலைந்து முறை அமுக்கி விட்டு, தானாக நிற்கும் நிலையில் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வண்டியில் மட்கார்டு எத்தனை முறை டிங்கர் பார்க்கப்பட்டதோ தெரியாது. எனவே ஆக்சிலுக்கும் அதன் மேலுள்ள பம்ப் ரப்பருக்கும் (ஆக்சில் பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடையே உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் முரண்பட்டால் நம்ப வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் குற்றம் பின்பட்டையில்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பாரில், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியில் நிற்கிறது. முன் இடதில் பார் தளர்ந்தால் வண்டி கோணலாகி, பின்னாலும் சாய்ந்ததுபோலக் காட்டும். முன் கிராஸ் மெம்பரின் (குறுக்குச் சட்டத்தின்) சரியான நடுவில் ட்ராலி ஜாக்கியை வைத்து முன்சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். பின்பக்கம் மட்டமாகிவிட்டால் கோளாறு முன்னால் இருக்கிறது. அப்போதும் சாய்ந்தே இருந்தால் பட்டை வேலைதான்.

ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாற்றினால் உயரம் ஏறும் என்று நம்பிச் செலவழிப்பவர்கள் உண்டு. சாதாரண ஆயில் ஷாக் குதிப்பை அடக்குமே தவிர எடையைத் தாங்காது.

கழற்றும் வேலைக்கு 2 டன் ட்ராலி ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, இரண்டு பெரிய ஜி கிளாம்ப், அங்குல அளவு ஸ்பானர் செட் ஆகியவை வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த வண்டி என்பதால் நட்டுகள் அங்குலக் கணக்கு. மெட்ரிக் ஸ்பானரைப் போட்டு முனையை உருட்டிவிடாதீர்கள். முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான கிரவுன் ஹவுசிங்கின் கீழ் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். பட்டையின் முன்முனை பாடியில் மாட்டும் ஹேங்கருக்குச் சற்று முன்னாலுள்ள பாக்ஸ் பகுதியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிக் காற்றில் வளர்ந்த வண்டி என்றால் ஸ்டாண்டு வைக்கும் முன் அந்த இடத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அதை வெல்டிங் பண்ணித் தேற்றாமல் பட்டை வேலைக்குப் போகக் கூடாது.

ஷாக்கின் கீழ்முனை, பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட், பின் ஷேக்கிள், பட்டை முனையின் வளையத்தில் (கண்) செல்லும் முன் கண் போல்ட் என்ற வரிசையில் கழற்றலாம். ஆக்சில் இறங்கும்போது பிரேக் ஹோஸ் தொங்கி இழுபடாமல் ஜாக்கியிலேயே தாங்கியிருக்கட்டும். பட்டைகளை நடுவில் துளைத்துச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்டைத் தொடும் முன் இரு பக்கமும் ஜி கிளாம்ப் இறுக்கியாக வேண்டும். இல்லையென்றால் நட்டு கழன்ற நொடியில் பட்டைகள் விரிந்து கையை உடைக்கும்.

பிரித்த பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கிக் கழுவிய பின் விரிசல் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கோடாகக் கசிந்து தெரியும். இரு முனையிலும் கண் உள்ள மேல்பட்டையான மெயின் பட்டையின் கண் அருகிலும் சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் கவனமாகப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு குழித்த இடத்தில்தான் விரிசல் பிறக்கும். விரிசல் விட்ட பட்டை குப்பைக்குத்தான், வெல்டிங் அதற்கு மருந்தல்ல.

வளைவை நூல் பிடித்து அளக்கலாம். மெயின் பட்டையின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலை இழுத்து, நடுத்துளை அருகே நூலுக்கும் பட்டைக்கும் உள்ள தூரத்தை எடுங்கள். எடையும் விறைப்பும் மாறாதவரை, கட்டிய பட்டையில் ஏற்றிய வளைவு எவ்வளவோ அவ்வளவே வண்டியும் உயரும். 20 மி.மீ. தாழ்ந்த வண்டிக்கு 20 மி.மீ. போதாது. முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படியும் என்பதால் 5 முதல் 8 மி.மீ. கூட்டியே கேளுங்கள்.

பட்டறையில் கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று: கேஸ் வைத்துச் சூடாக்கி வளைக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் பதம் போய்விடும். பிறகு முறையாக எண்ணெயில் குளிர்வித்து, உலையில் மறுபதம் ஏற்றினால்தான் அது ஸ்பிரிங். வெறுமனே ஆறவிட்ட பட்டை அன்று நிமிர்ந்து நிற்கும், ஒரு மழைக்காலம் முடியும் முன் பழையபடி குந்திவிடும். குளிர்ந்த நிலையிலேயே பிரஸ்ஸில் சிறிது சிறிதாக, நீளம் முழுக்கப் பரவலாக அமுக்கி வளைவு ஏற்றச் சொல்லுங்கள். சம்மட்டி வேலை என்றால் வடு விழாமல் தட்ட வேண்டும், ஏனென்றால் வடுவும் ஒரு விரிசலின் தொடக்கம்தான். மேல்பட்டையைவிடக் கீழ்ப்பட்டைக்கு வளைவு சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அடுக்கி வைத்தால் முனைகள் தொட்டு, நடுவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். சென்டர் போல்ட் அதை இழுத்துச் சேர்க்கும். மாறாக நடு ஒட்டி முனைகள் பிளந்து நின்றால் சுமை முழுவதும் மெயின் பட்டையில் விழுந்து அது முறியும்.

கூடுதல் பட்டை வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக் கணக்கில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறுகிறது. 6 மி.மீ.க்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் விறைக்கும். காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் துள்ளும். டாக்சியாக ஓடிய வண்டியை வாங்கியிருந்தால் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கலாம்.

நீள ஷேக்கிளில் 2 அங்குலம் கூட்டினால் வண்டி ஏறுவது ஏறத்தாழ 1 அங்குலம்தான். அதற்கு விலையாகப் பட்டை சாய்ந்து, கிரவுன் ஹவுசிங்கின் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் கெட்டு வேகத்தில் அதிரும். சாலை வளைவுகளில் பின்பக்கம் பக்கவாட்டிலும் ஆடும்.

மாட்டும்போது பட்டைகளுக்கு இடையே கிராபைட் கிரீஸ் பூசுங்கள். கண்ணிலும் ஷேக்கிளிலும் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் ஆகாது, சோப்புத்தண்ணீர் போதும். கழிவு ஆயிலை அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், கடற்கரை மணலையும் பிடித்து வைக்கும். சென்டர் போல்டின் தலை ஆக்சில் பேடின் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு யூ போல்டை இறுக்குங்கள். யூ போல்டும் நட்டும் புதிதாகவே இருக்கட்டும், ஒருமுறை நீண்டது மறுமுறை பிடிக்காது. நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

கண் போல்டையும் ஷேக்கிளையும் அப்போது கையிறுக்கத்தோடு விட்டுவிடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, எடை பட்டையில் ஏறிய பிறகே முழு இறுக்கம். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், சில மாதத்தில் கிழிந்தும் போகும். வேலையை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள்.

பழைய உயரத்தைத் தாண்டிப் போக வேண்டாம். சக்கர இடைத்தூரம் 2,464 மி.மீ. உள்ள இந்த வண்டியில் பின்பக்கம் 25 மி.மீ. ஏறினால் முன்சக்கரக் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஆனால் நேராக நிற்காமல் அலையும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளின் நடுவே ஆடி மாதத்துக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இது நன்றாகவே தெரியும். உயர்ந்த நிலையில் ஷாக் முழு நீளத்துக்கு இழுபடுகிறதா, பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் தளர்வாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

பின்பக்கம் ஏறியதும் ஹெட்லைட் கீழே பார்க்கும், அதைச் சுவரில் அடித்துத் திருத்துங்கள். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை யூ போல்டை மறுபடி இறுக்குங்கள். இரண்டாம் இறுக்கத்தன்று அதே இடத்தில் நிறுத்தி முதலில் இரு பக்கமும் எழுதிவைத்த நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து, தேதியோடு குறித்து வையுங்கள்.