தேரி ஓரத்துப் பனைவிளையில் மூன்று நாள் தங்குவது எப்படி

ஃபோனில் அழைப்பவர்கள் முதலில் நீச்சல்குளம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். எந்த மாதம் வருகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கம், தேரியை, அதாவது செம்மணல் மேட்டை ஒட்டியுள்ள எங்கள் அத்தையின் விளைவீட்டை, பனந்தோப்பு வீட்டைச் சீர்செய்து விருந்தினருக்கு விடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முன்பதிவு பார்ப்பது நான். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி, இந்தக் கரையில் வேறு வீட்டுக்குப் போனாலும் சரி, இதைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

மாசி நடுவிலிருந்து சித்திரை வரை வாருங்கள். வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கிவிடும். செம்மணலைக் கொண்டுவந்து இங்கே மேடு மேடாகக் குவித்ததே அந்தக் காற்றுதான். முதல் வருடம் விவரம் போதாமல், புதுமணத் தம்பதி ஒருவரை ஆனியில் வரச் சொல்லிவிட்டேன். தார்சாவில், வீட்டு முன்கூடத்தில் இலை போட்டால் சோறெல்லாம் மணல். இரண்டாம் நாளே கிளம்பினார்கள், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஆனி, ஆடியில் இப்போது நாங்கள் யாரையும் ஏற்பதில்லை.

அடுத்தது தண்ணீர். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த குளியலறையாக இருந்தாலும் தலைமுடி பிசுபிசுவென்று ஒட்டும். தேரி மணல் மழைநீரை உறிஞ்சி அடியில் சேர்த்து வைக்கிறது, அதனால் தேரிப் பக்கத்துக் கிணறு தித்திக்கும். "குளிக்கிற தண்ணீர் எந்தக் கிணறு?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நல்ல கிணறும் ஒரு பம்புசெட்டும் இருந்தால் நீச்சல்குளத்தைத் தேடவே மாட்டீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டியிலிருந்து வெளியே இழுக்கத்தான் ஆள் தேவை.

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். பனையேறும் அண்ணாச்சி முதல் மரத்திலிருந்து இறங்கும் நேரம் அது. பாளை சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால் இரவெல்லாம் ஊறியது கள்ளாகாமல் பதநீராகவே இருக்கும். ஓலையைப் பட்டையாக மடித்து ஊற்றித் தருவார். அதில் மாங்காய் நறுக்கிப் போட்டுக் குடியுங்கள். சித்திரையில் வந்தால் நுங்கும் சேரும். வெயில் ஏறிவிட்டால் மிச்சமெல்லாம் விடிலிக்கு, கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்குப் போய்விடும். அண்ணாச்சிக்கு அதற்கான பணத்தைக் கையில் கொடுங்கள், அறை வாடகையில் அடங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஏறி இறங்கும் உடம்பு அது.

சாப்பாட்டை முதல் நாளே பேசிவிடுங்கள். மெனு அட்டை கேட்காதீர்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரு மதியம், சொதி ஒரு மதியம். மீன் வேண்டுமென்றால் உவரிக் கரையில் அன்று என்ன ஏறியதோ அதுதான். சாளை வந்தால் சாளை.

இரண்டாம் நாள் விடியுமுன் காரெடுத்துப் பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். அவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே கார் ஹாரனை அடிக்காதீர்கள். திரும்பும் வழியில் இடையன்குடி. கால்டுவெல் 1841-இல் வந்து தங்கிய ஊர், ஒரு மணி நேரம் போதும். கடலோர ஊரான மணப்பாட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேரிக்குள் காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போதான் நடக்க வேண்டும். நடுப்பகலில் மணல் காலைப் பொசுக்கிவிடும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். எல்லா மேடும் ஒன்றுபோலத் தெரியும், கொல்லாமரத்தையும் உடைமரத்தையும் அடையாளம் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஊர் ஆள் ஒருவர் கூட வரட்டும். மணல் நிறத்துக்குக் காரணம் ஒவ்வொரு பருக்கையிலும் படிந்திருக்கும் இரும்புத் துரு. வெள்ளைத் துணி உடுத்தி வந்தால் அந்தக் கறை லேசில் போகாது.

இரவில் கடற்கரைக்குப் போனால் டார்ச் அடிக்காதீர்கள். நான் வரச் சொன்ன இந்த மாதங்கள்தான் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். கடற்கரையில் நெருப்பு மூட்ட அனுமதி கேட்டு வருபவர்களுக்கு நான் அறையே கொடுப்பதில்லை.

கிளம்பும் நாள் காலை விடிலிக்கு வாருங்கள். பதநீர் பாகாகிச் சிரட்டையில் ஊற்றும்போது வரும் வாசனைக்காகவே அரை மணி நேரம் நிற்கலாம். ஆறியதும் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டித் தருவார்கள். காரின் டிக்கியில் வைத்தால் வெக்கையில் இளகிவிடும், கால்மாட்டில் வைத்துக்கொண்டு போங்கள்.