டீசல் காரால் கேரவன் இழுக்கிறீர்களா? முன்பக்கம் படியும் கரியை முதலில் படியுங்கள், பிறகு கழுவுங்கள்

இங்கிலாந்தில் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. எம்6 சாலையில் வடக்கே போய், ஷாப் (Shap) என்ற ஊர்ப் பக்கத்து மேட்டைத் தாண்டி, முகாமில் வண்டியை நிறுத்தி இறங்கினால், வெள்ளைக் கேரவனின் முன்முகத்தில் சாம்பல் பூசியதுபோல ஒரு படலம். விரலால் தொட்டால் மை ஒட்டுகிறது. கேஸ் பெட்டி மூடி, முன் ஜன்னல், காரோடு இணைக்கும் முக்கோணச் சட்டமான ஏ-ஃபிரேம் எல்லாவற்றிலும் அதே கதை.

இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் நேராக ஷாம்புவுக்குப் போய்விடுகிறார்கள். கழுவுவது இரண்டாவது வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கரி உங்கள் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்பதைச் சொல்கிறது. அதைப் பார்க்காமல் துடைத்துவிட்டால், அடுத்த பயணத்தில் அதே இடத்தில் அதே கரி. அதனால் இந்தப் பதிவில் பாதி கண்டுபிடிப்பது, பாதிதான் கழுவுவது.

கார் போகும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அங்கே காற்று சுழன்றுகொண்டே இருக்கும். பம்பருக்குக் கீழே வெளியேறும் புகை அந்தச் சுழலில் சிக்கி, நேரே பின்னால் வரும் கேரவனின் தட்டையான முன்பக்கத்தில் மோதுகிறது. தனியாகக் கார் ஓட்டும்போது காற்றோடு போய்விடும் அதே புகைதான், இங்கே உங்கள் கண்முன் பதிவாகிறது.

படி 1: அது டீசல் கரிதானா?

கேரவனில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கரி அல்ல. பக்கச் சுவர்களில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வழிந்திருந்தால், அது கூரை அழுக்கும் இணைப்புகளை அடைக்கும் பழைய சீலன்ட் பசையும் மழையில் கரைந்து இறங்கியது. எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டீசல் கரி முன்முகத்தில், பெரும்பாலும் கீழ்ப்பாதியில், புகைக்குழாய் இருக்கும் பக்கம் சற்று அடர்த்தியாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும்.

கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உலர்ந்த கரியைப் பிரஷ்ஷால் தட்டிப் பறக்கவிடாதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

படி 2: புகைக்குழாய்க்குள் ஒரு வெள்ளை டிஷ்யூ

எஞ்சின் முழுதாக ஆறியபின், புகைக்குழாயின் உள்விளிம்பை வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

உங்கள் கார் எந்த ஆண்டு என்பது இங்கே முக்கியம். யூரோ 5 என்கிற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டு விதி 2011 ஜனவரி முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் வந்துவிட்டது. யூரோ 4-இல் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை அனுமதி இருந்தது, யூரோ 5-இல் அது 5 மில்லிகிராம். அந்த அளவுக்குக் குறைக்க டிபிஎஃப் என்கிற துகள் வடிகட்டி இல்லாமல் முடியாது. ஆகவே 2011-க்குப் பிந்தைய டீசல் காரில் டிஷ்யூ கிட்டத்தட்ட வெள்ளையாகவே வெளியே வர வேண்டும்.

வடிகட்டி உள்ள காரில் டிஷ்யூ கன்னங்கரேலென்று வந்தால், உள்ளே வடிகட்டியில் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது முந்தைய உரிமையாளர் அதைக் குடைந்து எடுத்திருக்கிறார். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். வடிகட்டியை எடுத்துவிட்டுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம், காருக்கு 1,000 பவுண்டு வரை அபராதம். 2018 மே முதல், வடிகட்டி பொருத்தப்பட்ட காரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புகை எந்த நிறத்தில் வந்தாலும் எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தேர்வில் தோல்விதான்.

வடிகட்டியே இல்லாத பழைய கார் என்றால் கொஞ்சம் கரி இயல்பு. "கொஞ்சம்" என்பதை எப்படி முடிவு செய்வது? சமதரையில் சீராக ஓடும்போது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் புகை தெரியக் கூடாது. மேட்டில் மிதித்ததும் ஒரு நொடி கறுப்பாக வந்து அடங்கினால் பரவாயில்லை. மிதித்திருக்கும் வரை வந்துகொண்டே இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: இழுக்கும்போது மட்டும் வரும் கரி

எங்களை நெடுநாள் அலைய வைத்தது இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கேரவன் இல்லாமல் ஓட்டினால் கார் சுத்தமாக இருக்கும். மாட்டினால் கரி. கராஜுக்குக் கொண்டுபோனால், லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். எச்சரிக்கை விளக்கும் எரியாது. எங்கள் காரில் கடைசியில் கிடைத்த காரணம், டர்போவிலிருந்து (காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வழியாக எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல். வளைவின் அடிப்பக்கம், ஒரு இரும்புப் பட்டை உரசும் இடத்தில் இருந்தது.

இது ஏன் இழுக்கும்போது மட்டும் தெரிகிறது? சும்மா ஓடும் காரில் டர்போ அழுத்தம் குறைவு, கீறல் மூடியே இருக்கும். பின்னால் 1,400 கிலோ கேரவனை மாட்டி மேடு ஏறும்போது அழுத்தம் முழுதாக உயர்ந்து, கீறல் வாயைத் திறக்கிறது. காற்றை அளக்கும் சென்சாரோ டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிடுகிறது. கம்ப்யூட்டர் அது தெரியாமல் முழுக் காற்றுக்கான டீசலைத் தெளிக்கிறது. காற்று போதாத டீசல் முழுதாக எரியாமல் கரியாகிறது. கராஜில் சுமையே இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

நீங்களே பார்க்கக்கூடியவை: எஞ்சின் ஆறியபின் டார்ச் அடித்து ஹோஸ்களின் இணைப்புகளையும் வளைவுகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கசியும் இடத்தைச் சுற்றி எண்ணெய் ஈரமும் தூசியும் ஒட்டியிருக்கும். கையால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். சில கீறல்கள் வளைத்தால்தான் கண்ணில் படும். மேட்டில் மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்ற சத்தம், இழுவைக் குறைவு, டீசல் செலவு கூடுவது ஆகியவையும் அடையாளங்கள்.

கராஜில் பொத்தாம்பொதுவாக "புகை வருகிறது" என்று சொல்லாதீர்கள். "காற்று உள்ளே போகும் பாதையில் அழுத்தச் சோதனையோ புகைச் சோதனையோ செய்து பாருங்கள்" என்று கேளுங்கள். அடைத்த குழாயில் காற்றையோ புகையையோ செலுத்தினால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டரை மட்டும் சொருகிப் பார்த்து முடிவு சொல்லும் கராஜைவிட, இந்தச் சோதனை செய்யும் கராஜுக்குப் போவதே நல்லது.

வடிகட்டி உள்ள கார்களில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். கரி வெளியே தெரியாது, ஆனால் வடிகட்டி சீக்கிரம் நிரம்பி, அடிக்கடி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கும். கேரவன் வெள்ளையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், பிறகு விலையுயர்ந்த வடிகட்டிக்குச் செலவு வைக்கும்.

ஹோஸ் நன்றாக இருந்தால் காற்று ஃபில்டர் (கேரவன் இழுப்பவர்கள், காரின் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றலாம், விலை குறைவு), பிறகு புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, கடைசியில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டீசலில் ஊற்றும் பாட்டில் மருந்துகளை இதற்கெல்லாம் முன்னால் வாங்குவது காசுக்குக் கேடு. புகை நீலமாக இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது வேறு நோய், உடனே காட்டுங்கள்.

படி 4: ஆறாவது கியரை மறந்துவிடுங்கள்

மேட்டில் உயர்ந்த கியரில் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் எஞ்சினைத் திணற விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கரி நிச்சயம். டர்போ போதிய காற்றைத் தர முடியாத நேரத்தில் டீசலைக் கொட்டுகிறோம். மேடு தொடங்குமுன்பே ஐந்தாவதுக்கோ நான்காவதுக்கோ இறங்கி, 2,000 சுற்றுக்கு மேல் வைத்திருங்கள். ஆட்டோமேடிக் என்றால் மேனுவல் முறைக்கோ இழுவை முறைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். கேரவனோடு மோட்டார்வேயில் உங்கள் உச்ச வரம்பு மணிக்கு 60 மைல், ஆறாவது கியருக்கு அவசரமே இல்லை. யார்க்‌ஷயரில் சட்டன் பேங்க் போன்ற நாலுக்கு ஒன்று மேடுகளில் கேரவனுக்குத் தடையே இருக்கிறது. வழிகாட்டிச் செயலி சொல்கிறதென்று ஏறிவிடாதீர்கள்.

படி 5: இப்போது கழுவலாம்

உலர்ந்த துணி படவே கூடாது. கரியோடு சாலை மணலும் கலந்திருக்கிறது. துடைத்தால் அது மேற்பரப்பைக் கீறிவிடும்.

நிழலில் நிறுத்துங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு நனையுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கேரவன் ஷாம்பு கலந்து, கீழிருந்து மேலாகப் பூசி, சில நிமிடம் ஊறவிடுங்கள். மேலிருந்து பூசினால் கரைந்த கரி உலர்ந்த பகுதியில் வழிந்து கோடு போட்டுவிடும். ஊறியபின் மென்மையான மைக்ரோஃபைபர் கையுறையால், அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் துடையுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலசும் தண்ணீர்.

லாரிகளுக்குப் பயன்படுத்தும் டிராஃபிக் ஃபிலிம் ரிமூவரைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். கரியை நன்றாக எடுக்கும், உண்மை. மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். காரம் அதிகமான வகை அலுமினியத்தை அரித்து மங்க வைக்கும். ஷாம்புவுக்கு அசையாத இடத்தில் மட்டும், நன்றாகத் தண்ணீர் கலந்து பூசி, காயவிடாமல் அலசுங்கள். நான் இரண்டாவது முறை ஷாம்பு போடுவதையே விரும்புவேன்.

முன் ஜன்னலுக்கு வருவோம். பெரும்பாலான கேரவன்களில் ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, மெத்திலேட்டட் ஸ்பிரிட், தார் எடுக்கும் திரவம், பெட்ரோல் எதுவும் அதில் படக்கூடாது. பட்டவுடன் ஒன்றும் தெரியாது, பளிச்சென்றுகூட இருக்கும். பின்னால் சிலந்திவலை மாதிரி நுண்ணிய விரிசல்கள் உள்ளுக்குள் ஓடும். அதற்கு மருந்தில்லை, ஜன்னலையே மாற்ற வேண்டும். தண்ணீரும் மென்மையான ஷாம்புவும் பொறுமையும் மட்டும்தான். முன் பேனல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அதற்கும் தின்னர், பெட்ரோல் ஆகாது.

பிரஷர் வாஷரை ஜன்னல் ரப்பர், ஸ்டிக்கர், ஃபிரிட்ஜ் காற்றுத் துவாரம் ஆகியவற்றின் பக்கம் காட்டாதீர்கள். உள்ளே போன தண்ணீர் சுவருக்குள் ஈரமாகத் தங்கிவிடும். தெருவோர வடிகால்கள் பெரும்பாலும் நேரே ஆற்றுக்குத்தான் போகின்றன, ஆகவே கழுவுவதற்கென்று இடம் உள்ள யார்டில் செய்வதே முறை.

காய்ந்ததும் முன்பக்கத்துக்கு மட்டுமாவது மெழுகு அல்லது சீலன்ட் போட்டுவிடுங்கள். அடுத்த முறை கரி பிடிமானம் இல்லாமல் தண்ணீரோடு இறங்கும். ஜன்னலுக்கு அதைப் பூச வேண்டாம்.

படி 6: இணைப்புப் பந்து

புகைக்குழாய் கீழ்நோக்கி வளைந்த கார்களில் கரி முழுவதும் ஏ-ஃபிரேமிலும் இணைப்புத் தலையிலும்தான் விழும். அல்-கோ போன்ற உராய்வு ஸ்டெபிலைசர் (இணைப்புப் பந்தை இறுகப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் கருவி) உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. பந்தில் எண்ணெய்ப் பசை படிந்தால் உராய்வுப் பட்டைகளுக்கும் ஏறி, திரும்பும்போது கிறீச்சிடும், கேரவன் ஆடுவதை அடக்கும் வேலையும் கெடும். பந்தைப் பிரேக் கிளீனரால் துடைத்து, உலர்ந்த பின் மாட்டுங்கள். கிரீஸ் தடவக் கூடாது. கேரவன் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் 13 முனை பிளக்கையும் துடைத்து மூடி வையுங்கள்.

பின்னர் சேர்த்தவை

முன்பக்கம் மாட்டும் இழுவை உறை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் கழுவிக் காய்ந்த பேனல்மீது மட்டுமே மாட்டுங்கள். கரியின்மேல் மாட்டினால், காற்றில் அது படபடக்கும் ஒவ்வொரு தடவையும் பேனலைத் தேய்க்கும். முன் விளக்குகளை அது மறைக்கக் கூடாது.

ஆட்புளூ ஊற்றும் காரில் கரி வராதே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆட்புளூ என்கிற திரவம் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கு. கரியைப் பிடிப்பது டிபிஎஃப். இரண்டும் வேறு வேறு.

கேரவனுக்குள்ளும் புகை நாற்றம் அடிக்கிறது என்றால், ஓடும்போது கூரைத் திறப்புகளும் ஜன்னல்களும் முழுதாக மூடியிருக்கின்றனவா பாருங்கள். தரையில் இருக்கும் நிரந்தரக் காற்றுத் துவாரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கசியும் சமையல் கேஸ் கீழே இறங்கி வெளியேற வேண்டிய வழி அது.

முகாமுக்கு வந்துசேரும் நேரத்தில் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால், ரேடியேட்டர் விசிறி பலமாக ஓடும், சூடான வாடை வரும். அப்போது வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி செல்சியஸ். காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். முடிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சாலையில் ஓட்டி, அது முடிந்தபின் உள்ளே வாருங்கள். கேரவன் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவதால் வடிகட்டி சுத்தமாகாது, பக்கத்து முகாம்காரரின் கூடாரத்துக்குள் புகைதான் போகும்.